ஜங்ஷனில் தூங்கும் பிள்ளைகள்: வைத்தியமும் படிப்பும் ஏன் சேர்ந்தே கைவிட்டுப் போகின்றன

திருநெல்வேலி ஜங்ஷனுக்கு நான்கு பக்கமிருந்தும் ரயில் வருகிறது. மதுரைப் பாதை, நாகர்கோவில் பாதை, தென்காசி வழியாகச் செங்கோட்டைப் பாதை, திருச்செந்தூர்ப் பாதை. அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்றோ, அம்மா போன பிறகு வீட்டில் கேட்க நாதியில்லை என்றோ, முன்பணம் வாங்கிய குடும்பத்தோடு செங்கல் சூளையில் கிடக்க முடியவில்லை என்றோ கிளம்பிவிடும் பையன், டிக்கெட் எடுக்காமல் ஏறி, கூட்டம் மொத்தமாக இறங்கும் ஊரில் தானும் இறங்குகிறான். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பேருந்து நிலையம். ராத்திரி வெகுநேரம் கல் சூடாக இருக்கும் பரோட்டாக் கடைகள். கொஞ்ச தூரம் நடந்தால் குளிக்கத் தாமிரபரணி. சோறும் வேலையும் தண்ணீரும் நடக்கிற தூரத்தில் கிடைக்கும் இடத்தில்தான் வீடில்லாத எவரும் தங்குவார்கள். பிள்ளைகளும் அப்படித்தான் தங்கிவிடுகிறார்கள்.

இவர்களை எல்லாம் பொத்தாம்பொதுவாக ‘பிளாட்பாரத்துப் பையன்கள்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இவர்களை மூன்று தரப்பாகப் பிரிக்கிறது. துணைக்கு யாருமில்லாமல் தெருவிலேயே வாழ்பவர்கள் முதல் தரப்பு. பகலெல்லாம் தெருவில் திரிந்துவிட்டு ராத்திரி எங்கோ ஒரு குடிசைக்குத் திரும்புபவர்கள் இரண்டாவது. அப்பா அம்மாவோடு குடும்பமாகவே தெருவில் கிடப்பவர்கள் மூன்றாவது. பொம்மை, பலூன், பாசிமணி விற்றுக்கொண்டு திருவிழாவுக்குத் திருவிழா ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்றாம் தரப்பில் வருகிறார்கள். பெற்றோரோடு இருக்கும் பிள்ளையைப் பிரித்துக் காப்பகத்தில் போடுவது அநியாயம். தனியாகக் கிடக்கும் பிள்ளையை ‘வீட்டுக்குப் போ’ என்று விரட்டுவது அதைவிட அநியாயம். மூவருக்கும் ஒரே மருந்து கிடையாது.

எத்தனை பேர் என்று கேட்டால் அங்கேயே முதல் சிக்கல் வந்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை பிப்ரவரி 28 இரவு ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர், அதில் நகரங்களில் 9.38 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. ஆனால் போலீஸ் லத்திக்குப் பயந்து மறைந்து தூங்கும் பையன் இப்படிப்பட்ட கணக்கில் எளிதில் சிக்கமாட்டான். பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கென்று கல்வித்துறை ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பும் பெரும்பாலும் வீடு வீடாகப் போவதுதான். வீடே இல்லாதவன் வீட்டுக் கதவை யார் தட்டுவது?

இந்தக் கணக்கு தப்புவதால் படிப்பு மட்டும் போவதில்லை. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு பிள்ளையின் உடம்பைக் கவனித்துக்கொள்வது பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். அந்த வழக்கத்துக்கு நம் சீமையோடு நெருங்கிய உறவு உண்டு. சேரன்மகாதேவிப் பக்கம் ஆடு மாடு மேய்த்த சிறுவனிடம் காமராசர் ‘ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை’ என்று கேட்டதாகவும், ‘போனால் சோறு போடுவீங்களா’ என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். மதிய உணவுத் திட்டம் 1956-ல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் தொடங்கியது. 1982-ல் அது சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவு வந்து, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. சோற்றோடு நிற்கவும் இல்லை. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை, 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ்-டிப்தீரியா தடுப்பூசி, வகுப்பறைக்கே வந்து பல், கண், காது, இதயம் பார்க்கும் மருத்துவக் குழு, பார்வை மங்கினால் இலவசக் கண்ணாடி, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் என்று எல்லாமே பள்ளி வழியாகத்தான் போய்ச் சேருகின்றன.

வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளைக்கு இது அருமையான ஏற்பாடு. நாட்டில் பல மாநிலங்கள் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டன. ஆனால் பதிவேட்டிலிருந்து பெயர் விழுந்த அன்றைக்கே முட்டை, மாத்திரை, ஊசி, கண்ணாடி எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகின்றன. பள்ளிக்கு வராதவர்கள் குடற்புழு மாத்திரையை அங்கன்வாடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது. விடியற்காலையில் பிளாஸ்டிக் பொறுக்கி ஆக்கர் கடையில் எடை போடும் 15 வயதுப் பையன், மூன்று வயதுக் குழந்தைகளோடு அங்கன்வாடி வாசலில் வரிசையில் நிற்பானா? துருப்பிடித்த தகரத்தில் நாளைக்கு நாலு தரம் கை கிழிபடுகிறவன் அவன். டெட்டனஸ் ஊசி யாருக்கு அவசியமோ அவனுக்குத்தான் அது வந்து சேர வழியில்லை.

தெருவில் இருக்கும் பிள்ளைக்கு வருகிற நோய்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. அவை ஆறாமல் போவதுதான் சிக்கல். சிரங்கை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது அது. விரல் இடுக்கில், இடுப்பில், அக்குளில் அரிக்கும். ராத்திரியானால் தூங்கவே விடாது. இதற்கு மருந்து எளிது. கழுத்துக்குக் கீழே உடம்பெங்கும் களிம்பைப் பூசி, ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம். கூடப் படுத்திருக்கும் எல்லோரும் அதே நாளில் பூச வேண்டும். உடுத்தின துணி, விரித்த துணி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைக்க வேண்டும், அல்லது சில நாள் கட்டி ஒதுக்கி வைக்க வேண்டும்.

சரி, இதை ஜங்ஷனில் படுத்திருக்கும் ஒருவனுக்குப் பொருத்திப் பாருங்கள். உடம்பெங்கும் பூச மறைவான இடம் எங்கே இருக்கிறது? இருப்பது ஒரே சட்டை, ஒரே கால்சட்டை. அதைத் துவைக்கப் போட்டுவிட்டு எதை உடுத்துவான்? வெந்நீருக்கு எங்கே போவான்? கூடப் படுக்கும் நாலு பேரில் ஒருவன் நேற்று நாகர்கோவில் வண்டி ஏறியிருப்பான், ரெண்டு நாளில் பூச்சியோடு திரும்பி வருவான். ஆஸ்பத்திரியில் மருத்துவர் சரியாகத்தான் எழுதிக்கொடுக்கிறார். பையனும் வாங்கித்தான் பூசுகிறான். ஆனாலும் இரண்டு வாரத்தில் சிரங்கு திரும்பி வந்துவிடும். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கும். அந்தக் கிருமியால் சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஒரு குளியலறை, ஒரு மாற்றுத் துணி, வெந்நீர். இந்த மூன்றும் இருந்தால் தீர்ந்துவிடும் நோய் இது.

நாய்க்கடியும் அப்படித்தான். தெருவில் தரையில் படுப்பவனுக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம் முதல் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தரம் ஊசி. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ஆனால் 28 நாளை யார் எண்ணி ஞாபகப்படுத்துவது? வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள். ரேபிஸ் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க முடியாது என்பதால் இந்தச் சின்ன மறதியின் விலை உயிர்.

காசநோயில் இன்னும் நீளமான கணக்கு. குறைந்தது ஆறு மாதம், ஒரு நாள் விடாமல் மாத்திரை. நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி, பக்கத்தில் படுப்பவர்களையும் பிடிக்கும். சிகிச்சைக் காலத்தில் சத்தான சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். ஆனால் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். கணக்கு தொடங்க ஆதார் கேட்பார்கள், ஆதாருக்கு முகவரி கேட்பார்கள். இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. நோயாளியின் மாத்திரைக்குப் பொறுப்பாக யாரை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆரோக்கியப் பணியாளராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பையன் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடும் டீக்கடைக்காரர் போதும். தினமும் காலையில் டீயோடு மாத்திரையையும் கையில் கொடுத்து, விழுங்கினானா என்று பார்க்கும் வேலை அது. இதைப் பரவலாகச் செய்யலாம், செய்ய வேண்டும்.

பஞ்சர் ஒட்டும் சொலூஷனைத் துணியில் ஊற்றி முகரும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் இதைத் திமிர் என்கிறார்கள். அந்த வாடை பசியை அடக்கும், குளிரையும் பயத்தையும் மறக்கடிக்கும். பசியும் பயமும் உள்ள இடத்தில் அது மலிவான மருந்தாகிவிடுகிறது. அதில் உள்ள டொலுவீன் மூளையையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். சில சமயம் முகர்ந்த நிமிடத்திலேயே இதயம் நின்றுவிடும். 18 வயதுக்குட்பட்டவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை. விற்கிறவரைப் பிடிக்காமல் முகர்கிறவனை அடிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

இதெல்லாவற்றையும்விட வெளியே வராதது பாலியல் வன்முறை. தெருவில் தூங்கும் பையன்களுக்கு இது நடப்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள். 2012 போக்சோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் பொது. புகார் செய்தால் தன்னையே உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயப்படும் பிள்ளையிடம் இதை யாராவது பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் ஜங்ஷனில் கண்ணில் படுவது குறைவு. அதனால் அவர்கள் இல்லை என்று அர்த்தமில்லை. யாராவது வீட்டு வேலைக்கோ, வெளியூர் மில்லுக்கோ, இன்னும் மோசமான இடத்துக்கோ சீக்கிரமே கொண்டுபோய்விடுகிறார்கள்.

அரசு மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டுக்கு யாரும் முகவரிச் சான்று கேட்பதில்லை, மருந்தும் இலவசம். இந்த வசதி எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. 2023 ஜூனில் தொடங்கிய நகர்ப்புற நலவாழ்வு மையங்களும் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கின்றன. காலையில் பொறுக்கப் போய்விட்டு மதியத்துக்கு மேல் ஓய்கிற பையனுக்கு அந்த மாலை நேரம் தோதானது. ஆனால் வார்டில் சேர வேண்டிய நிலை வந்தால் கதை மாறும். காய்ச்சலில் துவண்ட ஒரு பையனோடு ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, “ஏல, கூட யாருல இருப்பா?” என்றுதான் முதல் கேள்வி வந்தது. கேட்டவர் மேல் தப்பில்லை. டிரிப் தீர்ந்தால் சொல்ல, பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போக, கஞ்சி வாங்கி வர ஆள் வேண்டும் என்றுதான் வார்டே நடக்கிறது. வீடில்லாத பிள்ளைக்கு மருந்து, மருத்துவர், கட்டில் எல்லாம் கிடைக்கும். கூட இருக்க ஆள்தான் கிடைக்காது.

முகவரி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எல்லோருக்கும் காட்டியது. ஜங்ஷன் சுற்றுவட்டாரமே தண்ணீருக்குள் கிடந்தது. நிவாரணமாக 6,000 ரூபாய் குடும்ப அட்டையை வைத்து ரேஷன் கடை வழியாக வந்தது. படுத்திருந்த தரையே வெள்ளத்தில் போனவனிடம் அட்டை எப்படி இருக்கும்? வெள்ளம் வடிந்த சேற்றில் வெறுங்காலோடு நடந்தவர்களும் இவர்கள்தான். எலிக்காய்ச்சல் தொற்றுவது அப்படிப்பட்ட சேற்றில்தான்.

படிப்புக்கு வருவோம். பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தனிப்பள்ளி கண்ட ஊர் இது. வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் விடுதி மரபும் நமக்குப் புதிதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் அந்த ஊர் இருக்க, இக்கரையில் ஜங்ஷன் பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருப்பதை விதி என்று விட்டுவிட முடியாது.

சட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இடம் கொடுத்திருக்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகத் தாமதிக்கக் கூடாது. வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அம்பாசமுத்திரத்திலோ ஆலங்குளத்திலோ நாலாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்தவன் என்றால், அவன் விவரம் கல்வித்துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸின் பொதுத் தொகுப்பில் கிடக்கும். புதுப் பள்ளி அதிலிருந்து அவனை எடுத்துக்கொள்ளலாம். தலைமை ஆசிரியர்கள் இதைத் தெரிந்தவர்கள்தான். ஆனால் கேட்டுவர ஒரு பெரியவர் வேண்டும். இங்கேயும் அதே ஆள்தான் இல்லை.

சேர்த்த பிறகு தங்குவதுதான் பெரிய பாடு. ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி விரட்டப்பட்டு, முதல் வண்டிச் சத்தத்தில் மறுபடி விழித்து, அரிப்போடு வகுப்பில் உட்காரும் பிள்ளை தூங்கித்தான் விழும். மூன்றாம் வகுப்போடு நின்ற 13 வயதுப் பையனை எட்டாம் வகுப்பில் உட்காரவைத்தால், வாசிக்கச் சொன்ன அன்றைக்கே வெட்கப்பட்டு ஓடிவிடுவான். அதனால்தான் இவர்களுக்குப் படிப்பு உடம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் குளியல், புண்ணுக்குக் கட்டு, வயிற்றுக்குச் சோறு, ஒரு நல்ல தூக்கம். பிறகு அதே பெஞ்சில், தான் விழுங்கும் மாத்திரை அட்டையில் உள்ள பெயரையும் தேதியையும் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் எப்போது குடிக்க வேண்டும், இரண்டு வாரம் தாண்டிய இருமலை ஏன் காட்ட வேண்டும், பச்சை குத்தும் ஊசியையும் பிளேடையும் ஏன் மாற்றிக்கொள்ளக் கூடாது, எச்ஐவி பரிசோதனை எங்கே இலவசம், யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எப்படிப் பேசுவது. இவையெல்லாம் அவனுக்கு இன்றைக்கே உதவும் பாடங்கள். உதவும் என்று கண்டுவிட்டால் எழுத்தைத் தேடி அவனே வருவான்.

14 வயதுக்குள் பள்ளியில் சேராத பிள்ளைக்கு அதன் பிறகு கல்வி உரிமைச் சட்டத்தின் நிழல் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 தாண்டியவரை அபாயமான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது, ஓட்டலில் கிளாஸ் கழுவுவதைத் தடுக்காது. ஆக அப்படிப்பட்ட 15 வயதுக்காரனுக்குப் படிப்பைக் கட்டாயமாகக் கொடுக்கும் பொறுப்பு சட்டப்படி யாருக்கும் இல்லை. இந்த வயதுக்கு நான் பார்த்த வழிகளில் நடக்கக்கூடியது எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் பள்ளிக்கே போகாமல் நேரடியாக எழுதலாம். அதில் தேறினால் பேட்டை அரசு ஐடிஐ போன்ற இடங்களில் எட்டாம் வகுப்புத் தகுதியில் சேரக்கூடிய வெல்டர், வயர்மேன் பிரிவுகள் உண்டு. படிக்கும் காலத்தில் மாதம் 750 ரூபாயும் பேருந்து அட்டையும் கிடைக்கும். இரண்டு வருடப் பிரிவை முடித்துத் தமிழ், ஆங்கிலம் தேர்வையும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணை. இந்த வழியில் நடக்க அவனுக்கு வேண்டியது அந்த வருடங்களில் ராத்திரி படுக்க ஒரே இடம்.

அந்த இடத்துக்கும் விதி இருக்கிறது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் வகுத்த அளவு. 2011 கணக்கில் நம் மாநகராட்சிக்கு ஏறத்தாழ 4.7 லட்சம் மக்கள், அப்படியானால் சுமார் 470 பேருக்கு இடம் வேண்டும். ஆனால் அந்தக் காப்பகங்கள் பெரியவர்களுக்கானவை. துணையில்லாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கண்டெடுத்தால் 24 மணி நேரத்தில் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து பெரும்பாலும் பூட்டிய கேட்டுள்ள இல்லம். வருடக்கணக்காகத் தன் இஷ்டத்துக்கு வாழ்ந்த பையன் சுவரேறிக் குதித்துவிடுகிறான். இப்படிப்பட்டவர்களுக்காகவே இளைஞர் நீதிச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு திறந்தநிலைக் காப்பகம் என்று ஒன்றைச் சொல்கிறது. பிள்ளை குறுகிய காலம் தங்கிப் பழகி, நம்பிக்கை வந்தபின் படிப்புக்கோ வீட்டுக்கோ இல்லத்துக்கோ நகரலாம். ஜங்ஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒன்று, அதே கட்டடத்தில் குளியலறையும் சிறப்புப் பயிற்சி வகுப்பும் மாலையில் ஒரு செவிலியரும் இருந்தால், மேலே சொன்ன சிரங்கும் ஊசியும் எழுத்தும் ஒரே வாசலில் கிடைக்கும். கல்வி, சுகாதாரம், குழந்தை நலம் என்று மூன்று துறைகளும் தனித்தனியாகச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். 18 முடிந்து இல்லத்தைவிட்டு வெளியேறும் பிள்ளைக்கு 21 வயது வரை பின்காப்பு உதவி உண்டு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அது மாதம் 4,000 ரூபாய். அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவின் வாசகப்படி இது இல்லத்தில் இருந்து வெளியேறுபவருக்குத்தான். இல்லத்துக்கே போகாமல் பிளாட்பாரத்தில் 18-ஐத் தொட்டவனுக்கு எதுவும் இல்லை. ராத்திரிக் கணக்கெடுப்பில் ஒருமுறை பெயர் பதிவான எவரையும் இந்த உதவிக்குத் தகுதியானவராகக் கொள்ளும்படி விதியை மாற்றலாம். வீடற்றவரை வாக்காளராகச் சேர்க்கும்போது வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் நேரில் போய், அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்யும் முறை ஏற்கெனவே இருக்கிறது. 18 வயதானவரின் ஓட்டுக்காக அரசு போய்ப் பார்க்கும் அதே நடைமேடைக்கு, 12 வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காகக் கல்வித்துறையும், தடுப்பூசிக்காகச் சுகாதாரத் துறையும் ஒரே பட்டியலோடு, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால் போய்வர வேண்டும்.